தினமும் பெருக்கியும் தும்மல் நிக்கலையா? மரக்காணம் உப்பளம் சொல்லித்தரும் 75% கணக்கு

காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்து தும்மல். மூக்கில் தண்ணீர். கண் அரிப்பு. எட்டு மணிக்கு மேல் எல்லாம் அடங்கிவிடும். ராத்திரி படுக்கப் போனால் மறுபடியும் ஆரம்பம். சில வீடுகளில் இன்னும் மோசம். குழந்தைக்கு நடுராத்திரியில் இளைப்பு வந்து, வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

"ரெண்டு வேளையும் பெருக்குறேன், ஃபினாயில் போட்டு துடைக்கிறேன், அப்புறமும் ஏன் இப்படி?" கடலோர ஊர்களில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பதிலில் பாதி உங்க சமையலறை உப்பு ஜாடியிலேயே இருக்கிறது. எப்படி? உப்பு விளையும் ஊரான மரக்காணத்தை வைத்தே பார்க்கலாம்.

ஏன் மரக்காணம்?

சென்னையிலிருந்து கிழக்கு கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்கு இந்த ஊரைச் சொல்லத் தேவையில்லை. சாலையோரம் கண்ணுக்கு எட்டும் வரை உப்புப் பாத்திகள், நடுநடுவே வெள்ளைக் குவியல்கள். விழுப்புரம் மாவட்டத்தில் மூவாயிரம் ஏக்கருக்கும் மேல் இங்கே உப்பளம். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி, 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்த சதுப்பு ஏரி. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் தண்ணீரைத் தொட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் வீட்டுக்குள் வரும்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்தக் கரையில் காலை நேரக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். துவைத்த துணி இரண்டு நாளானாலும் 'ஜில்'லென்றே இருக்கும். பீரோவைத் திறந்தால் பூசண வாடை. உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் கசிந்து நிற்கும்.

அந்தத் தண்ணீர்தான் விஷயம்.

உப்பு ஏன் கசிகிறது?

காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய முழு அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதுதான் ஈரப்பதம். இது 75 சதவீதத்தைத் தாண்டினால், சுத்தமான உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இருந்தால் உப்பு காய்ந்தே இருக்கும். உப்பளத் தொழிலின் அடிப்படையும் இதுதான். காற்றின் ஈரம் 75-க்கு மேலேயே நின்றால், வெயில் சுமாராக அடித்தாலும் பாத்தியில் இருக்கும் கெட்டியான உப்புநீர் வற்றி உப்பாகாது.

கல்லுப்பு இதைவிட சீக்கிரமே கசியும். காரணம், அதில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடு ஒட்டிக்கொண்டிருக்கும். உப்பு விளைந்த பின் பாத்தியில் மிஞ்சுமே கசப்புத் தண்ணீர், அதில் நிறைய இருப்பது அதுதான். அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுக்கும். அதனால் கல்லுப்பு ஜாடி கசிந்தால் சரியாக 75 என்று அர்த்தம் இல்லை. ஆனாலும் வீட்டில் ஈரம் ஏறுகிறது என்பதற்கு அது முதல் அறிகுறி.

சரி, உப்புக்கும் தும்மலுக்கும் என்ன சம்பந்தம்?

காற்றைக் குடிக்கும் பூச்சி

வீட்டுக்குள் வரும் அலர்ஜிக்கு உலகம் முழுக்க முக்கியக் காரணங்களில் ஒன்று, டஸ்ட் மைட் என்று டாக்டர்கள் சொல்லும் தூசிப்பூச்சி. பூச்சி என்று சொன்னாலும் எட்டுக் கால் உண்டு, சிலந்திக்கு உறவு. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது, வெறும் கண்ணால் பார்ப்பது கஷ்டம். கடிக்காது. ரத்தம் குடிக்காது. நம் உடம்பிலிருந்து தினமும் உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. மெத்தை, தலையணை, போர்வை, சோபா, பஞ்சு அடைத்த பொம்மை என நாம் அதிக நேரம் ஒட்டிக் கிடக்கும் இடங்களில்தான் குடியிருக்கும்.

வீட்டுத் தூசி அலர்ஜிக்கு இந்தப் பூச்சிதான் காரணம் என்று நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் 1964-ல் கண்டுபிடித்தார்கள். பிறகு 1981-ல் இன்னொன்று தெரிந்தது. நம்மைத் தும்மவைக்கும் புரதம் பெரும்பாலும் அதன் எச்சத்தில் இருக்கிறது. ஒரு பூச்சி ஒரு நாளில் சுமார் 20 உருண்டை எச்சம் போடும். படுக்கையில் புரளும்போதும், போர்வையை உதறும்போதும் அது கிளம்பி மூக்குக்குள் போகிறது. காலையிலும் ராத்திரியிலும் மட்டும் தும்மல் ஏன் அதிகம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இதில் ஆச்சரியமான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதே இல்லை. முன்காலுக்கு மேலே இருக்கும் ஒரு ஜோடி சுரப்பியில் உப்புக் கரைசலைச் சுரந்து, அந்த உப்பு காற்றிலிருந்து இழுக்கும் ஈரத்தை உடம்புக்குள் எடுத்துக்கொள்கிறது. அதாவது உங்க உப்பு ஜாடி செய்கிற அதே வேலை. காற்று காய்ந்துபோனால் அந்த உப்பு படிகமாகி, சுரப்பியின் வாயை அடைத்துவிடும். 25 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் சுமார் 70 முதல் 73 சதவீதத்துக்கு மேல் இருந்தால் இதற்குக் கொண்டாட்டம். அதற்குக் கீழே தொடர்ந்து பல நாள் இருந்தால் உடம்பு வற்றிச் சாகும்.

உப்பு காயாத காற்றில் இந்தப் பூச்சி செழிக்கும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். மீதி எல்லாம் இதிலிருந்தே வரும்.

'ஈரப்பதத்தை 50-க்குக் கீழே வையுங்க' - இங்கே நடக்குமா?

இணையத்தில் தேடினால் முதலில் வரும் ஆலோசனை இது. தப்பில்லை, ஆனால் குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதியது. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டாலே வீடு காய்ந்துவிடும். மரக்காணத்தில் நாள் முழுக்க ஏசி ஓடினால்தான் 50-ஐ நெருங்கவே முடியும். கரண்ட் பில்லை யார் கட்டுவது?

இன்னொரு சிக்கலும் உண்டு. பகல் முழுக்க காய்ந்திருந்தாலும், ராத்திரியில் சில மணி நேரம் ஈரம் கிடைத்தால் இந்தப் பூச்சிகள் தாக்குப்பிடித்துவிடும். படுக்கையில் அந்த ஈரத்தை நாமே கொடுக்கிறோம். மூச்சிலும் வியர்வையிலும் ஒருவர் ஒரு ராத்திரியில் கால் லிட்டருக்கும் மேல் தண்ணீர் விடுகிறார். ஒரே அறையில் நாலு பேர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தால் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்க.

அதனால் கடலோர வீடுகளில் 'பூச்சியே இல்லாமல் பண்ணிடலாம்' என்பது வீண் ஆசை. அது தங்கும் இடத்தைக் குறைப்பது, எச்சத்தைத் துவைத்து வெளியேற்றுவது, காய்ந்த நாளை விடாமல் பயன்படுத்துவது. இந்த மூன்றும் கையில் இருக்கிறது.

உப்பு விளையும் நாள், மெத்தை காயும் நாள்

மரக்காணத்தில் மழைக்காலம் முடிந்து, ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீர்செய்வார்கள். கோடையில் உற்பத்தி உச்சத்தில் இருக்கும். தரைப்பக்கத்திலிருந்து வறண்ட மேல்காற்று வீசும் நாட்களில் உப்புநீர் மளமளவென்று வற்றும். அந்த நாட்கள்தான் உங்க மெத்தைக்கும் தலையணைக்கும் நல்ல நாள்.

ஒரே நாளுக்குள்ளும் நேரம் முக்கியம். அதிகாலையில்தான் ஈரப்பதம் அதிகம். 'காலைக் காற்று நல்லது' என்று ஆறு மணிக்கே எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தால் வெளி ஈரம் உள்ளேதான் வரும். வெயில் ஏற ஏற ஈரப்பதம் இறங்கும். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பியதும் மறுபடி ஏறும். ஆகவே காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஃபேனையும் போடுங்க. மெத்தையைக் காயவைத்தால், சாயங்கால ஈரம் இறங்கும் முன்பே உள்ளே எடுத்துடுங்க. ஆறு மணி வரை மாடியில் விட்டுவைத்தால் காயவைத்த பலன் போய்விடும்.

சந்தேகம் இருந்தால் ஈரப்பதமானி ஒன்று வாங்கலாம், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆனால் விலை குறைந்தவை சில சமயம் தப்பாகக் காட்டும். அதைச் சோதிக்கவும் உப்புதான். ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரமாக்குங்க, கரையக் கூடாது. அதையும் கருவியையும் காற்றுப் புகாத ஒரு டப்பாவுக்குள் வைத்து மூடிடுங்க. ஒரு நாள் கழித்துப் பார்த்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால், உங்க கருவி ஐந்து குறைவாகச் சொல்கிறது என்று அர்த்தம்.

படுக்கைதான் முதல் வேலை

வீட்டில் ஒரே ஒரு இடத்தைத்தான் சுத்தம் செய்ய முடியும் என்றால், ஹாலை விட்டுவிடுங்க. படுக்கையைப் பாருங்க. ஒரு நாளில் எட்டு மணி நேரம் மூக்கு அங்கேதான் இருக்கிறது.

பெட்ஷீட், தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒரு முறை துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சத்தில் உள்ள அலர்ஜி புரதம் பெருமளவு போய்விடும், ஆனால் பூச்சிகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அவை சாக 55 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வாஷிங் மெஷினில் ஹீட்டர் இல்லாவிட்டால் ஒரு எளிய வழி இருக்கிறது. வாளியில் முதலில் ஒரு பங்கு குழாய்த் தண்ணீர், பிறகு அதே அளவு கொதிக்கும் தண்ணீர். கலந்ததும் சுமார் 65 டிகிரி இருக்கும். துணியைக் குச்சியால் அமுக்கிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, அப்புறம் வழக்கம்போல் துவைக்கலாம். சாயம் போகும் துணி என்றால் வேண்டாம். சின்னக் குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது சுத்தமாக வேண்டாம். கொதிநீர்த் தீக்காயம் தும்மலைவிட ஆயிரம் மடங்கு மோசம்.

மெத்தையைத் துவைக்க முடியாதே? வெயில்தான் வழி. வெயிலில் ஒரு நாள் கிடந்த கம்பளங்களில் இருந்த பூச்சிகள் எல்லாம் செத்ததை, 1994-ல் வெளியான சிட்னி ஆய்வு ஒன்று காட்டியது. சூடும் வறட்சியும் சேர்ந்து செய்யும் வேலை அது. ஆனால் செத்த பூச்சியும் எச்சமும் உள்ளேயே இருக்கும். அதனால் காய்ந்த பின் வெளியிலேயே வைத்துத் தட்ட வேண்டும். இரண்டு பக்கமும் திருப்பிப்போடணும். இளைப்பு உள்ளவர் அந்தப் பக்கமே வரக் கூடாது. முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக சுமார் ஒரு மாதம் ஆகும். ஆகவே காய்ந்த பருவத்தில் மாதம் ஒரு முறையாவது இதைச் செய்வது நல்லது.

இலவம்பஞ்சு மெத்தை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கோரைப்பாயை ஏழைப் படுக்கை என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் இந்த விஷயத்தில் பாய்தான் கெட்டிக்காரன். பூச்சி ஒளிய ஆழம் இல்லை, ஈரத்துணியால் துடைக்கலாம், அரை மணி நேரத்தில் காயும், சுருட்டி நிறுத்தலாம். அலர்ஜி கடுமையாக இருக்கும் குழந்தைக்குப் பாய், மேலே வாரம் ஒரு முறை துவைக்கும் ஜமுக்காளம் என்பது மோசமான யோசனை இல்லை. ஜமுக்காளத்தைத் துவைக்காமல் விட்டால் மட்டும் கதை மாறிவிடும்.

காலையில் எழுந்ததும் போர்வையை மடித்து மெத்தைமேல் மூடிவைக்கும் பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றுங்க. ராத்திரி ஈரம் அதற்குள்ளேயே அடைபடும். ஒரு மணி நேரம் ஃபேன் காற்றில் திறந்து கிடக்கட்டும், அப்புறம் விரிக்கலாம். குழந்தையின் பஞ்சு பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்து, பிறகு துவைத்தால் போதும்.

ஜிப் வைத்த 'மைட் புரூஃப்' உறை வாங்கலாமா?

இதில் நேர்மையாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2003-ல் இங்கிலாந்தில் ஆஸ்துமா உள்ள 1,122 பெரியவர்களை வைத்து நடந்த ஆய்வில், உறை மட்டும் போட்டதால் எந்தப் பலனும் தெரியவில்லை. ஆனால் 2017-ல் அங்கேயே குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் வேறு முடிவு வந்தது. இளைப்பு முற்றி ஒரு முறை ஆஸ்பத்திரிக்கு வந்துபோன, தூசிப்பூச்சி அலர்ஜி உறுதியான குழந்தைகள் அவர்கள். சாதாரண உறை போட்டவர்களில் 100-க்கு சுமார் 42 பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி அவசரமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பூச்சி புகாத உறை போட்டவர்களில் அது 29.

ஆக, டாக்டர் சோதித்து 'தூசிப்பூச்சி அலர்ஜிதான்' என்று சொன்ன குழந்தைக்கு உறை வாங்குவது காசுக்குத் தகும். வீட்டில் எல்லோருக்கும் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. '99.9% பூச்சியைக் கொல்லும்' என்று விளம்பரத்தில் வரும் கைக்கு அடக்கமான யூவி மெஷின்களைப் பொறுத்தவரை, மெத்தையின் மேல்துணியைத் தாண்டி அந்த வெளிச்சம் போகாது. அந்தக் காசில் இரண்டு செட் பெட்ஷீட் கூடுதலாக வாங்கலாம்.

பெருக்குவதே பிரச்சினையா?

ஒரு வகையில், ஆமாம். காய்ந்த துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கினால், தரையில் சும்மா படுத்திருந்த தூசி மூக்கு உயரத்துக்கு வந்துவிடும். தூசிப்பூச்சி எச்சம் கொஞ்சம் கனமானது, சுமார் அரை மணி நேரத்தில் மறுபடி தரைக்கு இறங்கிவிடும். அந்த அரை மணி நேரம் அலர்ஜி உள்ளவர் அறையில் இருக்கக் கூடாது. ஃபேனை நிறுத்திவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒத்தி எடுப்பதே மேல். ஃபேன் இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறை ஒன்றை இறக்கைமேல் மாட்டி இழுங்க, தூசி உறைக்குள்ளேயே விழும்.

துடைக்கும் நேரத்திலும் ஒரு தப்பு நடக்கிறது. விளக்கு வைக்கும் நேரத்தில் தரையைத் தண்ணீர் ஓட ஓடத் துடைத்துவிட்டு, கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவோம். அவ்வளவு ஈரமும் ராத்திரி முழுக்க அறைக்குள்தான். காலை பத்து மணிக்குத் துடைத்துவிட்டு, ஃபேன் போட்டுத் தரையைக் காயவையுங்க.

சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று. பல வீடுகளில் இளைப்பு இருப்பதே பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்குத்தான். 'துணியால மூக்கைக் கட்டிக்கோ' என்று சொல்வதைவிட, வாரத்தில் அந்த இரண்டு வேலையை, அதாவது மெத்தை தட்டுவதையும் ஒட்டடை அடிப்பதையும், வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொள்வது நல்ல மருந்து. ஆளே இல்லை என்றால் என்-95 மாஸ்க்.

சுவரில் வெள்ளையா பூத்திருக்கே, பூசணமா?

மரக்காணம் மாதிரி ஊர்களில் இது முக்கியமான கேள்வி. நிலத்தடி நீரில் உப்பு, சில வீடுகளில் கட்டிய மணலிலும் உப்பு. சுவரில் ஓதம் ஏறும்போது அந்த உப்பும் சேர்ந்து ஏறி, தண்ணீர் வற்றியதும் வெளியே வெள்ளையாகப் பூக்கும். பெயிண்ட் பொரிந்து உதிரும். பார்ப்பதற்குப் பூசணம் மாதிரியே இருக்கும்.

சோதனை சுலபம். அந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டி ஒரு சொட்டுத் தண்ணீரில் போடுங்க. கரைந்து காணாமல் போனால் உப்பு. கரையாமல் பிசுபிசுவென்று நின்றாலோ, கறுப்பு, பச்சைப் புள்ளியாக இருந்தாலோ, மண்வாடை அடித்தாலோ பூசணம்.

உப்பு தும்மலை உண்டாக்காது. ஆனால் சுவருக்குள் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துச் சுவரை எப்போதும் நனைத்தே வைத்திருக்கும். அந்த ஈரத்தில் பூசணம் வரும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து மூடினால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பொரிந்த பூச்சைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளி, ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்த பின்தான் பூச வேண்டும். நம்ம ஊர் சுண்ணாம்பு இதற்கு நல்ல துணை. சுவர் மூச்சுவிடும், புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் பிடிக்காது.

பூசணம் என்று உறுதியானால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது, வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணீரால் நனைத்துத் தேய்த்து, துடைத்து, உடனே காயவைக்க வேண்டும். செத்த பூசணமும் அலர்ஜி கொடுக்கும், அதனால் மேலே மருந்து தெளித்து விட்டுவிட்டால் வேலை முடியாது. பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். ஆஸ்துமா இல்லாதவருக்கே மூச்சு அடைக்கும்.

புயலுக்குப் பிறகு நனைந்த மெத்தை

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை. விழுப்புரம் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பல வீடுகளில் முதலில் செய்தது, நனைந்த மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டதுதான்.

நனைந்த எதுவாக இருந்தாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பூசணம் பிடித்துவிடும் என்பது பொதுவான கணக்கு. புயலுக்கு அடுத்த நாட்களில் வெயில் எங்கே? வெள்ளத்தில் ஊறிய பஞ்சு மெத்தை மேலே காய்ந்தாலும் நடுவில் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அதைத் தூக்கிப் போடுவதுதான் சரி. சொல்வது சுலபம். அப்போது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு அரசு கொடுத்த நிவாரணம் 2,000 ரூபாய். ஒரு டபுள் மெத்தைக்கே அது பத்தாது. அதனால்தான் பழைய மெத்தை திரும்பக் கட்டிலுக்கு வந்துவிடுகிறது. தூக்கிப் போட முடியாத வீடுகள், மேல்துணியைப் பிரித்துப் பஞ்சைத் தனியாக எடுத்து, நல்ல வெயிலில் நாள் கணக்கில் பரப்பிக் காயவைத்து, துணியை வெந்நீரில் துவைத்துத் திரும்ப அடைக்கலாம். கறுப்புப் பிடித்த பஞ்சை மட்டும் ஒதுக்கிவிடணும். புயல் எச்சரிக்கை வந்ததும் அரிசி மூட்டையோடு மெத்தையையும் பரண்மேல் ஏற்றிவிடுவது எல்லாவற்றையும்விட மலிவு.

கிண்ணத்தில் உப்பு வைத்தால் அறை காயுமா?

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த யோசனையை உப்பு விளையும் ஊர்க்காரர்களே நம்ப மாட்டார்கள். 75-க்கு மேலேதான் உப்பு தண்ணீரை இழுக்கும், அதுவும் சில ஸ்பூன் அளவு. ஒரு தடவை துவைத்த துணியை அறைக்குள் காயப்போட்டால் இரண்டு லிட்டர் வரை தண்ணீர் காற்றில் கலக்கிறது. கிண்ணம் என்ன செய்யும்? கடையில் விற்கும் கால்சியம் குளோரைடு டப்பா, சிலிகா ஜெல் பொட்டலம் எல்லாம் மூடிய பீரோவுக்குச் சரி. அறைக்கு ஆகாது. துணியை வெளியே காயப்போடுவது, சோறு வேகும்போது மூடிபோட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட்டுவது, பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைப்பது, இவைதான் நிஜமாகவே ஈரத்தைக் குறைக்கும். ஏசி இருந்தால் மழை நாளில் 'டிரை' மோடு உதவும், ஃபில்டரை மாதம் இரண்டு முறை கழுவுங்க.

கரப்பானையும் மறக்க வேண்டாம். அதன் எச்சமும் எச்சிலும் இளைப்பைக் கிளப்பும். ஸ்ப்ரே அடித்தால் அந்த வாடையே இளைப்பு உள்ளவருக்கு ஆகாது, ஜெல் மருந்து மேல். சிலிண்டருக்குப் பின்னால் சோப்புத் தண்ணீரால் கழுவணும். பிரித்த மைதா, ரவைப் பாக்கெட்டை இந்த ஊர் ஈரத்தில் வாரக்கணக்கில் வெளியே வைத்தால் அதிலும் பூச்சிகள் பெருகும். அந்த மாவைச் சாப்பிட்டுக் கடும் அலர்ஜி வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. சல்லடையில் அது தங்காது, வேகவைத்தாலும் அலர்ஜிப் பொருள் முழுதாகப் போகாது. இறுக்கமான டப்பா, முடிந்தால் ஃப்ரிட்ஜ். கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை அலர்ஜிப் பொருள் இல்லை, ஆனால் ஏற்கெனவே புண்ணான மூச்சுக்குழாயைச் சீண்டும். இளைப்புக் குழந்தை தூங்கும் அறையில் கொசுவலைதான் சரி. அந்த வலையையும் துவைக்கணும்.

உப்புக் காற்று மூச்சுக்கு நல்லதாமே?

19-ம் நூற்றாண்டில் போலந்தின் வியெலிச்கா உப்புச் சுரங்கத்தில் தொடங்கிய நம்பிக்கை இது. இன்று 'சால்ட் ரூம்' என்ற பெயரில் நகரங்களில் காசு வாங்கிக்கொண்டு உட்காரவைக்கிறார்கள். ஆஸ்துமாவை அது குணப்படுத்தும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உப்பளத்துப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இளைப்பு வரத்தான் செய்கிறது.

வீட்டைச் சுத்தம் செய்வதும் மருந்துக்குப் பதில் ஆகாது. இங்கேதான் ஆபத்து. 'இன்ஹேலர் பழகிடும்' என்ற பயத்தில், மெத்தையைக் காயவைத்தாச்சு, இனி மருந்து வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறார்கள். மூச்சுக்குழாய் வீக்கத்தைக் குறைக்க டாக்டர் தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை, சுகமாக இருக்கும் நாளிலும் நிறுத்தக் கூடாது. அது போதை மாதிரிப் பழகுகிற மருந்து இல்லை. மாத்திரை, ஊசியைவிடப் பல மடங்கு குறைந்த அளவில், நேராக நுரையீரலுக்குப் போகிறது. படுக்கையை மாற்றிச் சில மாதம் கழித்து, தும்மலும் இளைப்பும் குறைந்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்க, அளவைக் குறைப்பதை அவர் முடிவு செய்வார். எதனால் அலர்ஜி என்று தெரியத் தோலில் செய்யும் சோதனை உண்டு. மரக்காணம் பகுதிக்காரர்கள் போகக்கூடிய பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று புதுச்சேரி ஜிப்மர், 30 கிலோமீட்டருக்கும் மேல்.

அந்த தூரம் நடுராத்திரியில் ரொம்ப நீளம். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறுவது, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவே குழி விழுவது, உதடு நீலம் பாரிப்பது, இன்ஹேலர் எடுத்தும் குறையாமல் இருப்பது. இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்க. உட்காரவைத்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே இருங்க. அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் இன்றைக்கே காட்டிவையுங்க.